கோர்ட் விசிட் நோட்டு

சட்டக் கல்லூரியில் கடைசி ஆண்டில் தொழில் நெறிமுறை என்று ஒரு பாடம் வரும். வக்கீல் தன் கட்சிக்காரரிடம் பொய் சொல்லக் கூடாது, யார் மேலும் கை வைக்கக் கூடாது, உதவி கேட்டு வருகிறவரைக் காரணமில்லாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று சொல்லித் தருகிற பாடம். அதை நான் நடத்தினேன். காலையில் செங்கல்பட்டு கோர்ட்டில் புடவைமேல் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பேன். மத்தியானத்துக்கு மேல் கல்லூரிக்குப் போய் வகுப்பு எடுப்பேன். எங்கள் குடும்பத்தில் அடுத்தவன் வயலில் குனியாமல் சம்பாதித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. வகுப்பில் எவனாவது பேசினால் டஸ்டரை எடுத்து வீசுவேன். மண்டையில் பட்டால் பட்டதுதான்.

அந்தப் பாடத்துக்கு இரண்டு நோட்டு எழுத வேண்டும். ஒன்று இலவசச் சட்ட உதவி முகாம் நோட்டு. இன்னொன்று கோர்ட் விசிட் நோட்டு. கோர்ட்டுக்குப் போய், கண்ணால் பார்த்ததை அப்படியே எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நான் கையெழுத்துப் போட்டால்தான் மார்க். நடந்தது என்னவென்றால், ஒருத்தன் எழுதுவான், மிச்சப் பேர் அதைப் பார்த்து எழுதுவார்கள். நான் படிக்காமலே கையெழுத்துப் போடுவேன். நெறிமுறைப் பாடத்தை நாங்கள் இந்த லட்சணத்தில்தான் நடத்திக்கொண்டிருந்தோம்.

ஈ.சி.ஆர். ரோட்டை அகலப்படுத்தி, கடற்கரை நிலத்துக்கெல்லாம் பட்டணத்துக்காரர்கள் வேலி போட ஆரம்பித்திருந்த காலம். திருவிடந்தைக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் முகாம் போட்டோம். பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டு, பெஞ்சுக்கு இரண்டு மாணவர்கள். அங்கேதான் மீன்காரம்மா வந்தார். தலையில் அலுமினிய அன்னக்கூடை வைத்து மீன் விற்கிறவர், புருஷன் இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம்.

அவருடைய வீட்டுக்குப் பின்னால் எவனோ ஓய்வு விடுதி கட்டுகிறான். அதன் காம்பவுண்டுச் சுவர் இவருடைய மனையில் பாதியை விழுங்கிக்கொண்டு வளர்கிறது. வழக்குப் போட்டிருந்தார். அவருடைய வக்கீல் செங்கல்பட்டில் பெரிய ஆள், வக்கீல் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவன். அவனை மரியாதையாக எழுத எனக்குக் கை வராது. ஸ்டே இருக்கிறது, சுவர் எழும்பாது என்று நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இவரும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொத்தனார்கள் முன்னால் நின்று, ஸ்டே இருக்கிறது, நிறுத்துங்கள் என்று கத்துவார். அவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் கான்ட்ராக்டரின் ஆள் ஒருத்தன் இவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போய் ஜல்லிக் குவியலில் தள்ளினான். முழங்கையில் அந்தத் தழும்பை முகாமில் காட்டினார்.

அவர் வந்து நின்ற பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வந்து போகிற ஒரு மாணவி. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். அவள் வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் கோர்ட் ஆபீசில் பதிவேட்டைப் பார்த்திருக்கிறாள். வக்கீல் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடி. ஆகி இரண்டு வருஷம். வழக்கே இல்லாதபோது ஸ்டே எங்கே இருக்கும்?

என்னிடம் வந்து என்ன செய்வது என்று கேட்டாள். கட்சிக்காரருக்கு உண்மை தெரிந்தாக வேண்டும், போய்ச் சொல் என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. கூட நானும் போயிருக்க வேண்டும். வழக்கை மறுபடி உயிர்ப்பிக்க மனுப் போடலாம், அதை நான் போடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அவள் தனியாக பஸ் பிடித்துப் போய், பதிவேட்டில் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் கோர்ட் விசிட். நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வக்கீல் சங்கப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் டைப் அடிப்பவர் ஒருவர் மேசை போட்டிருப்பார். அங்கே நின்று வருகைப் பட்டியலைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்காரம்மா காலி அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்குள் வந்தார். நேரே படிக்கட்டுக்குப் போனார். வக்கீல் இறங்கிக்கொண்டிருந்தான்.

"சார், ஸ்டே கீதா?"

"இருக்கும்மா. எத்தினி தடவை சொல்றது? போயிட்டு அடுத்த வாய்தாவுக்கு வா."

"செத்த கேஸுக்கு இன்னா வாய்தா?"

அவன் பதில் சொல்வதற்குள் அன்னக்கூடை அவன் முகத்தில் இறங்கியது. விளிம்பு புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணை மறைத்து, வெள்ளைக் கழுத்துப் பட்டையில் வழிந்தது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்குக் கை ஓங்கினார். அதற்குள் கறுப்புக் கோட்டுகள் வந்துவிட்டன.

பதினைந்து இருபது பேர். முதலில் முடியைப் பிடித்தார்கள். கீழே விழுந்ததும் ஷூ காலால் வயிற்றில், இடுப்பில், முதுகில் உதைத்தார்கள். கேஸ் கட்டால் முகத்தில் அடித்தார்கள். புடவை அவிழ்ந்தது. எழுந்திருக்க வலது கையை ஊன்றினார். ஒருத்தன் அந்த மணிக்கட்டின் மேல் ஏறி நின்றான். எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. முருங்கைக் கிளை முறிகிற மாதிரி, பெரிய சத்தம் இல்லை. கேட்டில் நின்ற போலீஸ்காரர் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். என் கை டைப்ரைட்டர் மேல் இருந்தது. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஓடி விலக்கவில்லை. கத்தவும் இல்லை.

அன்று மாலைக்குள் கொலை முயற்சி என்று வழக்குப் போட்டு அந்த அம்மாவை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். கை உடைந்தது கீழே விழுந்ததால் என்று எழுதிக்கொண்டார்கள். வக்கீல் சங்கம் கூடி, இந்தப் பெண்ணுக்காக எந்த உறுப்பினரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டது. சட்ட உதவிப் பட்டியலில் இருந்த வக்கீல்களும் அதே சங்கத்து ஆட்கள்தான். நான் பிடித்துக்கொண்டு நின்றேனே, அந்த டைப்ரைட்டரில்தான் தீர்மானத்தை அடித்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நாள் கழித்து நோட்டுகள் வந்தன. முதன்முதலாக உட்கார்ந்து படித்தேன். முப்பத்தொன்பது நோட்டில் ஒரே வரி: நீதிமன்ற நடவடிக்கைகள் அமைதியாக நடைபெற்றன. கூடுவாஞ்சேரிப் பெண்ணின் நோட்டில் இரண்டரைப் பக்கம். எத்தனை மணி, யார் முடியைப் பிடித்தது, யார் மணிக்கட்டில் ஏறியது, போலீஸ்காரர் எங்கே பார்த்தார், எல்லாம் இருந்தது. உணர்ச்சிவசப்பட்டு ஒரு சொல் இல்லை. கடைசி வரி: எங்கள் ஆசிரியை டைப் அடிப்பவரின் மேசை அருகில் நின்றிருந்தார்.

வகுப்பில் அவளைக் கூப்பிட்டு, இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுது என்றேன்.

"எந்த வரி தப்பு மேடம்?" என்று கேட்டாள்.

நோட்டைத் தூக்கி அவள் முகத்தில் வீசினேன். கெட்டி அட்டை. ஓரம் உதட்டில் பட்டுக் கிழிந்தது. மொத்த வகுப்பும் பார்க்க அவள் ரத்தத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். குனிந்து நோட்டை எடுத்து மறுபடி என் மேசையில் வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க. போட முடியாதுன்னா அதையாவது எழுதிக் குடுங்க. அந்தம்மா ஒடஞ்ச கையோட உள்ள இருக்காங்க. யாரும் வரலையாம். நீங்க சொல்லச் சொன்னீங்க, நான் போய்ச் சொன்னேன். இப்ப நான் வக்கீல் இல்ல மேடம். நீங்க வக்கீல்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். அவள் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவளைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. உதட்டைக் கிழித்ததற்கான வெட்கம் அப்புறம்தான் வந்தது.

மறுநாள் காலை வக்காலத்துப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போனேன். மீன்காரம்மாவின் கை, கட்டோடு சேர்ந்து தலையணை மாதிரி வீங்கியிருந்தது. ஒரு கண் திறக்கவில்லை. திறந்திருந்த கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயும் கோட்டுதான?"

ஆமாம் என்றேன்.

"அன்னிக்கு மிஷினாண்ட நின்னுகினு இருந்தவதான நீ?"

அதற்கும் ஆமாம் என்றேன். அடி வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்திருக்கிறார். இப்போது எதற்கு வந்தாய் என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. மையை இப்படிக் கொண்டு வா என்றார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். மூணாவது வரிக்கும் படிச்சிகீறேன். கைய ஒடச்சிட்டானுங்கோ, அதான் நாட்டு வெக்கிறேன்."

இடது கைப் பெருவிரலை அழுத்தினார்.

ஜாமீன் மனுவைத் தாக்கல் செய்யப் போனபோது படிக்கட்டிலேயே என்னை மறித்தார்கள். மூன்று பேர். ஒருத்தனோடு போன வாரம்தான் கேன்டீனில் டீ குடித்தேன். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது யாரை ஏமாற்றுகிறாய் என்று கேட்டான். கேள்வி நியாயமானதுதான். மேலே ஏறினேன். பின்னாலிருந்து ஒருத்தன் கோட்டைப் பிடித்து இழுத்தான். தோள்பட்டையில் தையல் விட்டது. "உங்க ஆளுங்களுக்கெல்லாம் கோட்டு குடுத்தது எவன்?" என்று இன்னொருத்தன் கேட்டுக்கொண்டே காதோடு சேர்த்து அறைந்தான். கண்ணாடி படியில் விழுந்து உடைந்தது. நான் அவன் கையைக் கடித்தேன். ரத்தம் வரக் கடித்தேன். நெறிமுறைப் பாடத்தில் இது இல்லை. பிறகு முதுகில் ஒரு உதை விழுந்தது, முகம் படியில் மோதியது, முன்பல் ஒன்று ஆடியது. மனுவைப் புடவைக்குள் சொருகி வைத்திருந்ததால் அது கிழியவில்லை.

அப்படியே நீதிபதி முன்னால் போய் நின்றேன். என்னம்மா முகத்தில் என்று கேட்டார். உங்கள் கோர்ட் வாசலில் அடித்தார்கள், மனுவைக் கேளுங்கள் என்றேன். கேட்டார். ஜெயில் டாக்டரின் சீட்டைப் படித்தார். ஜாமீன் கிடைத்தது. என் இடது காதில் அன்றிலிருந்து ஒரு வண்டு ரீங்காரம் போடுகிறது.

அன்று மத்தியானம் கல்லூரிக்குப் போய் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டேன். இரண்டரைப் பக்கத்திலும், கடைசி வரிக்குக் கீழேயும். வகுப்பு முன்னால் அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். சரி மேடம் என்றாள், அவ்வளவுதான். அந்த ஆண்டு முடிந்ததும் என்னை வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

விசாரணைக்கு வர நாலைந்து வருஷம் ஆனது. குற்றப்பத்திரிகையில் கொலை முயற்சி போய், ஆயுதத்தால் காயப்படுத்தியது மட்டும் நின்றது. சாட்சியாகப் போகிற வக்கீல் அதே வழக்கை நடத்தக் கூடாது. இதுவும் நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்த விதிதான். மெட்ராஸிலிருந்து ஒருவரைப் பிடித்து வழக்கை அவரிடம் கொடுத்துவிட்டு நான் கூண்டில் ஏறினேன். எனக்கு முந்தின நாள் அந்த மாணவி ஏறியிருந்தாள். அப்போது அவளும் வக்கீல், படூர் பக்கம் குடியிருந்தாள். நோட்டு கோர்ட்டில் சான்றாவணமாகக் கிடந்தது, முத்திரை குத்தி.

அரசு வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். நோட்டைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம். கடைசி வரியை உரக்கப் படித்தார். அது சரியா? சரி.

"ஒரு பெண்ணைப் போட்டு அப்படி அடிச்சிருந்தா நீங்க தடுத்திருப்பீங்களே?"

"தடுக்கல."

"அப்ப அப்படி ஒண்ணும் நடக்கலன்னு சொல்றேன்."

"நடந்துச்சு. நான் பயந்துகிட்டு நின்னேன்."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். மீன்காரம்மா சிரிக்கவில்லை.

தீர்ப்பு குற்றவாளி என்றுதான் வந்தது. அடித்தது உண்மை, அதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் அவரை அடித்ததும் நிரூபணமாகியிருக்கிறது, கை உடைந்திருக்கிறது, ஜெயிலில் இருந்துவிட்டார் என்று எழுதி, கோர்ட் கலையும் வரை காவல் என்று தண்டனை கொடுத்தார்கள். அவரை உதைத்தவர்களில் ஒருத்தன் மேலும் வழக்கு இல்லை. சுவரும் நிற்கிறது. தள்ளுபடியான வழக்கை உயிர்ப்பிக்க நான் போட்ட மனு அப்போதும் வாய்தாவில் இருந்தது. புருவத்தில் தழும்போடு அந்த வக்கீல் தினமும் கோர்ட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

மீன்காரம்மா சாயங்காலம் வரை கோர்ட்டிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நானும் மாணவியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நீதிபதி எழுந்ததும் இவரும் எழுந்து, என் அன்னக்கூடையைக் கொடுங்கள் என்று கேட்டார். அது வழக்குச் சொத்து, தர முடியாது என்றான் ஊழியன். மனுப் போட்டு வாங்கலாம் என்றேன். மாணவி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். அந்த அம்மா அவள் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

"நானே போடறேன், குடு."

கோணிப் போயிருந்த வலது கையால் தன் பெயரை எழுதினார். நான்கு எழுத்துக்கு நெடுநேரம் ஆனது. நாங்கள் காத்திருந்தோம்.