பாய்லரும் பரவாயில்லையும்

காலை ஆறு மணிக்கு வீட்டு அங்கியும் ரப்பர் பூட்ஸுமாக, கையில் கெட்டிலோடு கொல்லைப்புறத்துச் சுவரோரம் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் அந்தத் தெருக்காரர்கள் ஒன்றுமே நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "கொஞ்சம் குளிரா இருக்கு இல்ல, பெவர்லி?" என்பார்.

"பரவாயில்ல, போன வாரத்துக்கு இது தேவல" என்பாள் பெவர்லி.

கொஞ்சமாம்! புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று விறைத்துக் கிடக்கும். கெட்டிலைப் பிடித்த கையைத் தவிர அவளுக்கு மற்ற எல்லாம் மரத்துப்போயிருக்கும். ஆனாலும் வாயைத் திறந்தால் பரவாயில்ல. அந்த ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

விஷயம் இதுதான். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிற பாய்லர்தான் வீடு முழுவதையும் சூடாக்க வேண்டும். அது எரியும்போது உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சுரக்கும். அந்தத் தண்ணீர் வெளியேற ஒரு குழாய். அந்தக் குழாயைப் பொருத்திய புண்ணியவான், விரல் தடிமன் பிளாஸ்டிக் குழாயைச் சுவரைத் துளைத்து வெளியே விட்டு, வெயிலே படாத வடக்குச் சுவரோடு மூன்று ஆள் நீளத்துக்கு இழுத்து, நடுவில் தொப்பை போலத் தொங்கவும் விட்டு, கடைசியில் சாக்கடையில் சேர்த்திருந்தான். மேலே ஒரு துணிகூடச் சுற்றவில்லை. உறைபனி விழுந்த ராத்திரியெல்லாம் தொப்பையில் தண்ணீர் கட்டியாகிவிடும். போக வழியில்லாத தண்ணீர் மேலேறும். பாய்லர் நாலு தரம் களகளவென்று கொப்பளித்துவிட்டு அணைந்துபோகும். பிறகு பெவர்லி போய் வெதுவெதுப்பான தண்ணீரை அந்தக் குழாயின் தலையில் ஊற்றி, உள்ளே வந்து பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு குளிர்காலமாக இதே கூத்து.

அந்தப் புண்ணியவான் பிளம்பர் நெவில். பெவர்லியின் கணவன் டெரெக்கோடு வியாழக்கிழமைதோறும் மதுக்கடையில் டாமினோ ஆடுகிறவன். முப்பது வருடப் பழக்கம். பாய்லர் மாட்ட வந்த அன்று அவனுக்கு நாலு தடவை டீ, ஒரு தட்டு இஞ்சி பிஸ்கட். "சூப்பரா பண்ணிட்டே நெவில்!" என்று பெவர்லி பாராட்டியபோது பாய்லரை இன்னும் பற்றவைக்கவே இல்லை.

அவனைக் கூப்பிட்டுச் சொல்லவில்லையா என்றால், மூன்று தடவை சொன்னாள். அவன் மத்தியானம் இரண்டு மணிக்குமேல்தான் வருவான். அதற்குள் பனி இளகியிருக்கும். பொத்தானை அழுத்துவான், பாய்லர் சமர்த்தாக எரியும்.

"ஓடுதே பெவ்?"

"ஆமா, இப்ப ஓடுது. காலையிலதான் லேசா... சரி விடு, உன்னைத்தான் வீணா அலைய வச்சுட்டேன். டீ போடட்டா?"

மறுபடியும் டீ! மறுபடியும் பிஸ்கட்! பாய்லர் கம்பெனிக்கு ஒரு தடவை போன் போட்டாள். எடுத்த பெண், "இப்ப வேலை செய்யுதா?" என்று கேட்டாள். "செய்யுது கண்ணு, பெரிசா ஒண்ணுமில்ல" என்றாள் இவள். அந்தப் பெண் 'அவசரமில்லை' என்று குறித்துக்கொண்டாள். வேறு என்னத்தைக் குறிப்பாள்?

இப்படியே போயிருக்கும். ஆனால் ஜனவரியில் டெரெக்குக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சுவிட முடியாமல் போய், ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. நுரையீரல் ஏற்கெனவே பழுது. மூன்று வாரம் கழித்து, புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, வார்டிலிருந்து நர்ஸ் பிளெஸிங் போன் செய்தாள். ஜிம்பாப்வேக்காரி. எட்டு வருடமாக இங்கே இருந்தும் ஊர்க்காரர்களின் மழுப்பல் பேச்சு மட்டும் அவளுக்கு ஒட்டவே இல்லை.

"வெள்ளிக்கிழமை அனுப்பலாம்னு இருக்கோம் பெவர்லி. வீடு சூடா இருக்குமா?"

"பரவாயில்ல, சமாளிச்சுக்குவோம்."

"பரவாயில்லன்னா? சூடா இருக்குமா, இருக்காதா?"

"அது வந்து... காலையில கொஞ்சம்..."

"இங்க பாருங்க. ராப்பகலா வீடு சூடா இருக்கணும். இல்லன்னா அவரை அங்க அனுப்ப முடியாது. ரெண்டு வாரம் பராமரிப்பு இல்லத்துல வச்சுத்தான் அனுப்புவோம். நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க."

டெரெக்கின் அம்மாவையும் 'ரெண்டு வாரம்' என்றுதான் அந்த மாதிரி ஓர் இல்லத்தில் விட்டார்கள். அவள் திரும்பி வரவே இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது டெரெக் பெவர்லியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை அங்க மட்டும் விட்டுடாதே பெவ்."

போனை வைத்தாள். பாய்லர் அணைந்து கிடந்தது. கையில் கெட்டில் தயாராக இருந்தது. கதவுவரை போனவள் நின்றாள். திரும்பி வந்து நெவிலுக்குப் போன் போட்டாள்.

"இப்பவே வா."

"இப்பவா? மத்தியானமா ஒரு எட்டு..."

"மத்தியானம் வந்தா உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன். உறைஞ்சு கிடக்கும்போதே வந்து பாரு!"

இருபது நிமிடத்தில் வந்துவிட்டான். வழக்கம்போல கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டு, உட்கார்ந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு கெட்டிலைப் பார்த்தான். பெவர்லி அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"டீ போடலையா பெவ்?"

"இல்ல. அந்தத் தண்ணி உன் குழாய்க்கு. எழுந்து வா வெளியே."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வேலைக்கு வந்தவனுக்கு டீ இல்லை என்றால் அந்த ஊரில் கன்னத்தில் அறைந்த மாதிரி. அவள் பின்னால் போனான். கட்டியாகி நின்ற குழாயைத் தொட்டுப் பார்த்தான். பார்த்தவனுக்குக் காது சிவந்துபோயிற்று.

"இதை உள்ளாறவே சிங்க் கழிவுக் குழாயோட சேர்த்திருக்கலாம்" என்று முனகினான். "நாலு அடிதான். அப்பிடிப் பண்ணியிருந்தா உறையாது."

"பின்னே ஏன் சேர்க்கல?"

"சிங்குக்குக் கீழ அலமாரியில சாமானெல்லாம் அடைச்சு வச்சிருந்தே. நீ பாட்டுக்கு டீயும் பிஸ்கட்டுமா உபசாரம் பண்ணிட்டு இருக்கே. உன்கிட்டப் போய் அதைக் காலி பண்ணுன்னு எப்பிடிக் கேக்கிறது? சங்கடமா இருந்துச்சு."

பெவர்லிக்கு வந்ததே கோபம்! அறுபத்திரண்டு வருடமாக அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"சங்கடமா? பாழாப்போன நாலு டப்பா பாத்திரம் தேய்க்கிற பவுடரும் ஒரு பக்கெட்டும் நெவில்! அதை எடுத்து வைன்னு சொல்ல உனக்குச் சங்கடம், அதனால ரெண்டு வருஷம் நான் பனியில நின்னு குழாயைக் குளிப்பாட்டணுமா? அங்க அந்த மனுஷன் மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடக்கிறான்! உன் சங்கடத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு!"

வேலிக்கு மேலே எட்டிப்பார்த்த தலை சட்டென்று கீழே போய்விட்டது. பெவர்லி உள்ளே போய் அலமாரியைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் வாரித் தரையில் கொட்டினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நெவில் ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்தான். நன்றாகவே செய்தான், அதையும் சொல்ல வேண்டும். முடித்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். குற்ற உணர்ச்சியோ என்னவோ, ஒவ்வொரு அறையாகப் போய், பாய்லரின் சுடுநீர் ஓடும் ரேடியேட்டர்களைத் தொட்டுப் பார்த்தான். மாடியில் பின்னறைக்குப் போனவன் வெகுநேரம் வரவில்லை. இருமல் ஆரம்பித்ததிலிருந்து டெரெக் தனியாகப் படுக்கிற அறை அது. பெவர்லி மேலேறிப் போனாள்.

ரேடியேட்டர் பக்கத்தில் நெவில் மண்டியிட்டிருந்தான்.

"பெவ்... இதோட அடி வால்வை நான் திறக்கவே இல்ல. மாட்டின அன்னிக்கே மறந்துருக்கேன்."

"அப்பிடின்னா?"

"இது ஒரு நாளும் சூடாகியிருக்காது."

இரண்டு குளிர்காலம். படுக்கையைத் தட்டிப்போட அவள் அந்த அறைக்குள் வருவது காலை பத்து மணிக்குமேல். அதற்குள் டைமர் பாய்லரை நிறுத்தியிருக்கும், வீடு முழுக்கவே ஆறியிருக்கும். இதை எப்படிக் கண்டுபிடிப்பாள்? டெரெக் கம்பளிக் குல்லாயோடு தூங்கியதை வழுக்கைத் தலைக்காரன் பழக்கம் என்று நினைத்திருந்தாள். "ராத்திரி தூங்கினியா?" என்று தினமும் கேட்டாள். "பரவாயில்ல" என்று அவன் தினமும் சொன்னான்.

நெவில் வால்வைத் திறந்தான். கோட்டை மாட்டிக்கொண்டு போனான். வாசல்வரைக்கும் அவனுக்கு டீ கிடைக்கவில்லை. பெவர்லி வார்டுக்குப் போன் போட்டு, "சூடா இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிளெஸிங் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை டெரெக் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினான். பின்னறைக் கட்டிலில் உட்காரவைத்து, காலில் போர்வையைப் போட்டுவிட்டு பெவர்லி கேட்டாள்.

"அறை எப்பிடி இருக்கு?"

"பரவாயில்ல."

"இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னே, டெரெக், கெட்டிலை எடுத்து உன் தலையிலதான் கவுப்பேன்! சூடா இருக்கா, இல்லையா?"

டெரெக் ரேடியேட்டரைப் பார்த்தான். கையை நீட்டித் தொட்டான். தொட்ட கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் மெதுவாகக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"சூடா இருக்கு" என்றான்.

"ரெண்டு வருஷம்! ஏண்டா எங்கிட்டச் சொல்லல?"

கட்டிலை ஒட்டி இருந்த ஜன்னலைக் காட்டினான். அதன் வழியாகப் பார்த்தால் நேர் கீழே கொல்லை தெரிந்தது. வடக்குச் சுவரோரம் அவளுடைய ரப்பர் பூட்ஸ் போய்ப் போய்ச் சேறாகிய இடமும் தெரிந்தது.

"தினமும் காலையில பனியில நீ அங்க நிக்கிறதைப் பாத்துக்கிட்டுத்தான் பெவ் உக்காந்திருந்தேன். அதுக்கு மேல எனக்கும் குளிருதுன்னு எப்பிடிச் சொல்றது?"

பெவர்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனைத் திட்ட வந்த வாய் அழுதுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ போடக் கீழே போனாள்.