பனியாற்றின் தண்ணீரும் நான் கழுவிய போத்தல்களும்

வெள்ளைக்காரர் கோப்பை கழுவுவதை முதன்முதலாகப் பார்த்த அன்று அந்தக் கோப்பையை நான் தொடவேயில்லை. சிங்குக்குள் ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்து, சவர்க்கார நுரை ததும்பத் தண்ணீர் நிரப்பி, எல்லாவற்றையும் அதற்குள்ளேயே முக்கி எடுத்து, நுரை வழிய வழியக் கவிழ்த்து வைப்பார்கள். அலசுவது என்று ஒரு வேலை உலகத்தில் இருப்பதே தெரியாது. நான் வேலை செய்த கல்லூரியின் தேநீர் அறையிலும் இதே கூத்துத்தான். ஹெலன் என்ற ஆராய்ச்சி மாணவி கழுவி வைக்கும் கோப்பையைக் குழாயடிக்குக் கொண்டுபோய் மூன்று தரம் அலசிவிட்டுத்தான் நான் தேத்தண்ணி ஊற்றுவேன். அவள் பார்த்துச் சிரிப்பாள். நானும் சிரித்து வைப்பேன். நல்ல பிள்ளை, ஆனால் சவர்க்காரம் குடித்து வளர்ந்த பிள்ளை.

இது எண்பதுகளின் கடைசியில். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஓர் அறையில் நானும் கணவரும் இருந்தோம். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. பெற்றோல் ஷெட்டில் இவருக்கு இருந்த ஷிப்டும் போய்விட்டது. ஆகவே அந்த வீட்டில் இருந்த ஒரே வேலை என் வேலைதான். பனியாறுகளை ஆராயும் பகுதியில் போத்தல் கழுவுவது.

பனியாறு என்பது மலைச்சரிவில் மிக மெதுவாகக் கீழே நகரும் பெரும் பனிக்கட்டி. அதன் அடியிலும் தண்ணீர் ஓடுகிறது. எந்த வழியால் ஓடுகிறது என்று அறிய, அலன் என்ற விரிவுரையாளரும் ஹெலனும் கோடைக்குக் கோடை மலைக்குப் போவார்கள். மேலே பனியில் இருக்கும் ஒரு பொந்துக்குள் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டு, கீழே பனி முடியும் இடத்தில் வெளிவரும் ஓடையில் சில நிமிடத்துக்கு ஒரு போத்தலாகத் தண்ணீர் பிடிப்பார்கள். லண்டனுக்குக் கொண்டுவந்து, எந்தப் போத்தலில் எவ்வளவு சாயம் என்று ஒரு மெசினில் அளப்பார்கள். பிறகு போத்தல்கள் என் சிங்குக்கு வரும். கண்ணுக்கே தெரியாத சாயத்தையும் அந்த மெசின் பிடித்துவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் ஓடுகிற தண்ணீரில்தான் கழுவினேன். பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாயில் மூன்று தரம் அலசி, காய்ச்சி வடித்த தண்ணீரில் கடைசித் தரம் அலசிக் கவிழ்த்து, முடித்த பெட்டியில் பென்சிலால் ‘ப’ என்று எழுதி வைப்பேன். பத்மாவதியின் ப.

அந்த வருடம் கோடையின் தொடக்கத்தில் அவர்கள் மலைக்குப் போய்வந்து ஒரு கிழமைக்குப் பிறகு அலன் சிங்கடிக்கு வந்தார். "போத்தல்களை எப்படிக் கழுவுகிறோம் என்பதை நாம் இன்னொரு தடவை சேர்ந்து பார்த்தால் நன்றாயிருக்கும், இல்லையா?" என்றார். எவ்வளவு தன்மையான மனுசன் என்று நினைத்துக்கொண்டு, "தாங்க் யூ, அலன்" என்றேன். அவருடைய முகம் ஒரு மாதிரிப் போனது. எனக்கு விளங்கவில்லை. பின்னேரம் பெருமையோடு இவரிடம் சொன்னேன்.

"எடியே, அவன் உன்னைப் பிழை பிடிச்சிருக்கிறான்," என்றார் இவர். "நீ ஊத்தைப் போத்தல் குடுத்தனீ எண்டதைத்தான் அப்பிடிச் சொல்லியிருக்கிறான். அவங்கட கதை உப்பிடித்தான். நீ தாங்க் யூ சொன்னனீயோ?"

"ஓம்."

"அப்ப ஒத்துக்கொண்டிட்டாய்."

மறுநாள் ஹெலனைப் பிடித்துக் கேட்டேன். அவள் கண்ணைப் பார்க்காமல் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். சாயம் வந்த கதை ஒரு கோடாக ஏறி இறங்கியது. இறங்கிய பிறகு, வரக்கூடாத இடத்தில் இரண்டாவது மேடு ஒன்று. போன வருடச் சாயம் போத்தலில் ஒட்டியிருந்து வந்ததாம். மாத முடிவில் என் வேலை நீடிப்பதைப் பற்றி ‘யோசிப்பார்களாம்’. எனக்குப் பத்தி எரிந்தது. நுரையோடு கோப்பை கவிழ்க்கிற சனம் எனக்கு அலசப் படிப்பிக்க வருகுதோ?

வேலை போகும் பயம் ஒரு பக்கம். ஆனால் அந்த இரண்டாவது மேட்டைப் பார்த்த நேரத்திலேயே எனக்கு அது எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் உரும்பிராயில், என்னைப் பெற்ற ஐயாவின் வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மாறுவது, அதாவது பாத்திக்குப் பாத்தி திருப்பிவிடுவது, என் வேலை. கிணற்றடியில் மெசின் இறைக்க, நான் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாக வாயைத் திறந்து மூட வேண்டும். காலெல்லாம் சேறு, முதுகெல்லாம் வெயில், பிந்தினால் ஐயாவின் ஏச்சு. எனக்கு அந்த வேலையைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனால் ஒன்றைப் படித்திருந்தேன். முதல் தண்ணீருக்கு வழி தெரியாது. வாய்க்கால் சரியாக அறுபடாததால் கொஞ்சம் நேரே வரும், மிச்சம் வரம்பு வெடிப்பாலும் எலிப்பொந்தாலும் புகுந்து, பாத்தி பாத்தியாகத் தேங்கித் தேங்கி, எல்லாம் முடிந்தது என்று மண்வெட்டியைத் தோளில் வைத்த பிறகு மற்றக் கரையால் வந்து நிற்கும். நாலைந்து இறைப்புக்குப் பிறகுதான் வாய்க்கால் அறுத்துக்கொண்டு எல்லாம் ஒன்றாக வந்து சேரும். கோடையின் தொடக்கத்தில் பனிக்கு அடியில் ஓடுவதும் முதல் தண்ணீர்தானே?

அலனின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனேன். என் இங்கிலீஷ் அன்றைக்குச் சங்கிலி அறுத்த மாடு. "தாங்க் யூ நேற்றுச் சொன்னது. இன்றைக்கு நோ தாங்க் யூ. என் போத்தல் சுத்தம்," என்றேன். அவருடைய கடதாசியிலேயே பாத்திகளையும் அவற்றை இணைக்கும் ஒடுங்கிய வாய்களையும் கீறி, தண்ணீர் எப்படித் தேங்கிப் பிந்தி வருகிறது என்று விரலால் ஓட்டிக் காட்டினேன். அவர் கடதாசியைத் தன் பக்கம் திருப்பினார். "சுவாரசியமாக இருக்கிறது," என்றார். பனிக்கு அடியில் தண்ணீர் இப்படிப் பரந்து தேங்கலாம், அப்போது பனியே வழுக்கி வேகமாக நகரலாம் என்று ஏற்கெனவே சிலர் எழுதியிருப்பதாகவும் சொல்லி, அலுமாரியைக் காட்டினார்.

புத்தகம் அவருடைய தலைக்கு மேலேயே இருக்கிறது. அப்படியென்றால் சந்தேகம் முதலில் ஏன் என் கையில் விழுந்தது? இன்றைக்கும் எனக்கு அந்தக் கேள்வி ஆறவில்லை.

"மலையில் பாவிக்காத போத்தல் ஒவ்வொரு பெட்டியிலும் மிச்சம் இருக்கிறது," என்றேன். "நல்ல தண்ணீர் விடு. நாளைக்கு மெசினில் வை." அப்படியே செய்தார்கள். ‘ப’ எழுதிய பெட்டிகளில் சாயம் அறவே இல்லை. எழுத்து இல்லாத இரண்டு பெட்டிகளில் மெசின் சாயம் காட்டியது. புறப்படும் அவசரத்தில் அந்த இரண்டையும் கழுவியது தான்தான் என்று ஹெலன் முகம் சிவக்கச் சொன்னாள். பேசினில் முக்கி எடுத்தாளாம். இரண்டாவது மேடோ முழுக்க என் பெட்டிகளின் போத்தல்களில்தான் இருந்தது. ஆகவே அது பொய் மேடு அல்ல. பனிக்கு அடியில் சுற்றிக்கொண்டு பிந்தி வந்த தண்ணீர்.

ஹெலன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அலன் "மிக நல்லது" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய வாயிலிருந்து வரவேயில்லை. பஸ்ஸில் காலை மிதித்தால் மூன்று தரம் ‘சொரி’ என்று மன்னிப்புக் கேட்கிற ஊர் இது. என் வேலையை மட்டும் நீடித்தார்கள்.

"விடு, வேலை இருக்குத்தானே," என்றார் இவர்.

"வேலை இருக்கு. மரியாதை எங்க?" என்றேன். இவர் எழும்பித் தேத்தண்ணி போட்டார். கோப்பையை நன்றாக அலசினார்.

தொண்ணூறுகள் பிறந்த பிறகு கட்டுரை அச்சில் வந்தது. நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு மேட்டு வரைபடம், அதற்குக் கீழே ஒரு படம். பள்ளம் பள்ளமாகத் தண்ணீர், இணைக்கும் ஒடுங்கிய வாய்கள். என் வெங்காயப் பாத்திகள். கடைசிப் பக்கத்தில் தங்குமிடக்காரருக்கும் சாமான் சுமந்தவருக்கும் நன்றி சொல்லிவிட்டு, "போத்தல்களைக் கழுவித் தந்த திருமதி பத்மாவுக்கும்" என்று போட்டிருந்தார்கள். அந்த நேரம் உரும்பிராயில் தோட்டம் காடு மண்டிக் கிடந்தது. போரின் ஷெல்லடியில் ஐயாவும் வீட்டு ஆட்களும் இடம்பெயர்ந்துவிட்டார்கள். தண்ணீர் மாற ஆள் இல்லை.

நூலகப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்று எனக்குத் தெரியும். பையிலிருந்து பென்சிலை எடுத்து, படத்துக்குக் கீழே தமிழில் எழுதினேன்: ‘தண்ணீர் மாறியது பத்மாவதி, உரும்பிராய்.’

அது இப்போதும் அங்கே இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறப்பவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கப்போவதில்லை.