கறுக்காத கரைசல்

நான் ஏமாற்றினேன். சோதனையில் தோற்ற கரைசலைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அதுவே வென்றது என்று கையெழுத்திட்டவன் நான்!

எழுபதுகளின் தொடக்கம், அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடம். கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்க எந்தத் திரவம் ஏற்றது என்று ஒப்பிட வேண்டும். எனக்கு அமீன் என்ற ரசாயனத்தின் கரைசல். மயிலாப்பூரிலிருந்து வரும் வைதேகிக்குப் பொட்டாஷ் கரைசல். இருவருமே தற்காலிக ஊழியர்கள். நிரந்தர வேலை ஒன்றுதான் இருந்தது... தோற்றால் நான் தியாகராய நகரில் அண்ணனின் கடையில் துணி கிழிக்கப் போக வேண்டும்.

வாயுவைக் குடித்த கரைசலைக் காய்ச்சினால் வாயு வெளியேறும். அதே கரைசலை மறுபடி புகைக்குக் காட்ட வேண்டும். ஒரு மாதம், மாற்றாமல். அதுதான் விதி.

முதல் வாரம் என்னுடையது ஆவலாய்க் குடித்தது, அவளுடையது மெதுவாக. நான் பீற்றிக்கொண்டேன். இரண்டாம் வாரம் புகையிலிருந்த பிராணவாயு பட்டு, என் கரைசல் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. கறுத்த கரைசல் வாயுவைச் சரியாகக் குடிக்காது.

வைதேகி தயிர்சாத டப்பாவுடன் மரத்தடிக்குப் போகும் அரைமணி நேரம் எனக்குப் போதும். கறுக்கத் தொடங்கும்போதெல்லாம் கொட்டினேன், புதியதை நிரப்பினேன். மனம் கூசியதா என்று கேட்கிறீர்களா? இல்லை... அதுதான் கேவலம்!

மாதக் கடைசியில் அவள் என் குடுவையை வெகுநேரம் பார்த்தாள்.

“நிறமே மாறலையே. நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணிண்டிருக்கேன் போலருக்கு.”

கைராசி என்றேன். சிரித்தேன் வேறு!

வேலை எனக்குக் கிடைத்தது. அவளுடைய கருவிகளைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். என் அறிக்கையை நம்பிய ஆலையில் ஓராண்டுக்குள் கரைசல் கறுத்து, குழாய்கள் அரித்துப்போயின. குழாயின் இரும்புதான் மட்டம் என்று எழுதிக் கொடுத்தவனும் நானே.

போன மாதம் பாண்டி பஜார் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். பள்ளியில் ரசாயனம் எடுக்கிறாளாம். நலம் விசாரித்தாள். பிறகு தயங்கிக் கேட்டாள்.

“அந்தப் பொட்டாஷ்ல நான் பண்ணின தப்பு என்னன்னு உங்களுக்காவது தெரியுமா? இன்னும் யோசிச்சிண்டேதான் இருக்கேன்.”

இத்தனை ஆண்டுகளாகவா...! சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். நினைவில்லை என்றேன்.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். அது நான் போக வேண்டிய பஸ் அல்ல.