அயர்லாந்துப் பாட்டுக்கு நான் சொன்ன பொய்கள்

மொழிபெயர்ப்பு வேலையில் பேசுவது ஒருவர், பேச்சு வாங்குவது இன்னொருவர். அந்த இன்னொருவராக நின்று வியர்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து இரண்டு வருடம் கழிந்திருந்தது. கரையோரச் சனம் இன்னும் தகரக் கொட்டிலில்தான். அதற்குள் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் சண்டை மூண்டு, கரடியனாற்றுப் பக்கத்து ஆட்களும் ஷெல்லுக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்து தறப்பாள் கூடாரங்களுக்குள் நிறைந்துவிட்டார்கள். இந்த முகாம்களில் பாடுவதற்கு அயர்லாந்திலிருந்து இருவர் வந்தார்கள். மோரா என்ற அம்மா, அவருடைய தம்பி டெக்லன். பாடுவதெல்லாம் ஊரை விட்டுப் போனவர்களின் பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மோரா அதன் கதையைச் சொல்வார். நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். மூன்று கிழமை வேலை.

என் பயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் ரவி இயக்கத்தில் இருந்தவன். இயக்கம் கிழக்கில் இரண்டாக உடைந்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அவனைப் பழைய பக்கமும் தேடும், புதிய பக்கமும் தேடும், ஆமியும் தேடும். கட்டார் விசா வரும்வரை ஆரையம்பதியில் எங்கள் வீட்டு அறைக்குள்ளேயே இருந்தான். நான் ஒரு சொல் பிழையாகச் சொல்லி, யாராவது என்னை விசாரிக்க வீட்டுக்கு வந்தால், கதவைத் திறந்ததும் அவனைத்தான் காண்பார்கள்.

ராசாவின் ஆட்கள்

முதல் நாள், முதல் பாட்டு. சிப்பாய்கள் வந்து கூரைக்கு நெருப்பு வைக்கிறார்கள், குடும்பம் தெருவில் நிற்கிறது, பிறகு கப்பல் ஏறுகிறது. மோரா சொல்லி முடித்து என்னைப் பார்த்தார். நான் சனத்துக்குப் பின்னால் பார்த்தேன். நம்பர் தகடு இல்லாத மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி இரண்டு பேர் நின்றார்கள், எந்தப் பக்கத்து ஆட்களோ.

நான் அம்மப்பாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். வாய் தானாகவே "ஒரு ஊரில ஒரு ராசா" என்று தொடங்கிவிட்டது. சிப்பாய்கள் ராசாவின் ஆட்களானார்கள். கொஞ்சத்தில் ராசாவும் ஆபத்தான ஆளாகத் தெரிந்தார், அவரையும் விட்டுவிட்டேன். கடைசியில் அந்த வீட்டை இடி விழுந்து எரித்தது. அயர்லாந்தில் இவ்வளவு இடி விழுமா என்று முன்வரிசைக் கிழவர் ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டது காதில் விழுந்தது.

பாட்டு முடிந்ததும் இருவரில் ஒருவன் என்னிடம் நடந்து வந்தான். சிரித்த முகம்.

"தம்பி, கதை நல்லாத்தான் இரிக்கி. வீடு எவடத்தில?"

கடலைப் பாட வேணாம்

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேறு வேறு பாதையால் வீட்டுக்குப் போனேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் ரவி கட்டிலுக்கு அடியில், நான் வாசலில். இரண்டாம் கிழமை தகரக் கொட்டில் முகாமில் பாட்டு. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் கடல் அள்ளிப்போனதில் மிஞ்சியவர்கள். பாட்டு ஒரு கப்பல் பயணம். கதையில் சிப்பாய் இல்லை, துவக்கு இல்லை. கதையில் வந்த புயலை மட்டும் விட்டுவிட்டு, இன்றைக்கு வேறொரு சொல்லும் மாற்றத் தேவையில்லை என்று நிம்மதியாக நின்றேன்.

டெக்லனிடம் றபான் மாதிரி ஒரு ஆட்டுத்தோல் மேளம் இருந்தது. அதைச் சின்னக் கட்டையால் உருட்டி அலைச் சத்தம் எழுப்பினார். தூரத்தில் தொடங்கி, கிட்ட வந்து, பெருத்தது. முதலில் எழும்பியது ஒரு தாய். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு றோட்டுப் பக்கம் ஓடினாள். அவள் ஏன் ஓடுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மற்றவர்களும் ஓடினார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் பத்தடி ஓடினேன். சனம் திரும்பி வந்து உட்கார அரை மணித்தியாலம் எடுத்தது. மீன்பிடிகாரர் ஒருவர் மூச்சு வாங்க என் தோளைப் பிடித்தார்.

"மனே, அந்த வெள்ளக்காறன்ட்டச் சொல்லு, கப்பலப் பாடட்டும், கடலப் பாட வேணாம்."

ஒரேயொரு உண்மை

கரடியனாற்றுச் சனம் இருந்த முகாமில் மோரா தங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை அமெரிக்காவுக்குப் போகுமுன் சொந்தக்காரர் எல்லாரும் வீட்டில் கூடுவார்களாம். செத்த வீட்டில் அழுவது போல அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே அழுது பாடுவார்களாம், இனித் திரும்பி வராது என்று. இதில் அரசியல் இல்லையே என்று நான் அப்படியே தமிழில் சொன்னேன். மூன்று கிழமையிலும் நான் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

மோரா முதல் வரியைப் பாடத் தொடங்கியதும் ஒரு பெண் எழும்பினாள். பூமணி என்று பேர். அவள் மகளை வீட்டு முற்றத்தில் வைத்தே பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடம், ஒரு தகவலும் இல்லை. மோராவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்த முகத்தைக் கண்டதும் அடுத்த வரியை எடுக்கவில்லை. எனக்கு வீட்டு அறைக்குள் இருக்கும் ரவியின் நினைப்பு வந்தது. அன்று காலையில்தான் அவனுக்கு விசா வந்திருந்தது.

"உசிரோட இரிக்கிற புள்ளைக்கு ஆரும் ஒப்பாரி வைப்பாங்களா? நிப்பாட்டச் சொல்லு தம்பி, எண்ட புள்ள எங்கயோ சோறு திண்டுக்கிட்டு இரிக்காள்!"

மேளக்காரன்

விசா வந்தால் போதாது, கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். பஸ்ஸில் போனால் வழி முழுக்கச் சோதனைக்கு இறக்கி ஏற்றுவார்கள். வேறு வழி தெரியாமல் மோராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "எங்கள் வான் வண்டியில் வரட்டும், மேளத்தைத் தூக்கிக்கொண்டு" என்றார்.

பட்டப்பகல். பெரிய சோதனைச் சாவடியில் வானை மறித்தார்கள். ஒரு சிப்பாய் ரவியின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இது யார் என்று கொச்சைத் தமிழில் கேட்டான். எனக்கு இயல்பாகவே சத்தம் குறைவு. இரண்டாம் தரம் சொன்னபோதுதான், "மேளம் அடிக்கிறவர்" என்பது அவன் காதில் விழுந்தது.

"அப்ப அடி, பாக்கலாம்."

ரவி வாழ்நாளில் மேளம் தொட்டதில்லை. கட்டையைக் கரண்டி பிடிப்பது போலப் பிடித்தான். முதல் அடி தோலில், இரண்டாவது மரத்தில். டெக்லன் கண்ணை மூடிக்கொண்டார். சிப்பாயின் கை அட்டையோடு நின்றது. அப்போது மோரா வானுக்குள் இருந்தபடியே பாடத் தொடங்கினார். ரவி பிந்தினால் அவரும் பிந்தினார், தடுமாறினால் அந்த இடத்தில் ஒரு சொல்லை இழுத்து நிரப்பினார். இன்னும் இரண்டு சிப்பாய்கள் கிட்ட வந்து கேட்டார்கள். பாட்டு முடிந்தது. அட்டையை வைத்திருந்தவன் கொஞ்சம் யோசித்து, அதை ரவியின் மடியில் போட்டு, தம்பி என்று சிங்களத்தில் கூப்பிட்டான்.

"பாட்டு நல்லம் மல்லி. மேளம்தான் சரியில்ல, இன்னும் பழகு."

சண்டை முடிந்துவிட்டது, அண்ணன் கட்டாரில் இருக்கிறான். அந்த மூன்று கிழமையில் நான் சொன்ன பொய்களில் ஒன்றையும் ஒருவரும் பிடிக்கவில்லை, பிடிபட்டது அவனுடைய தாளம் மட்டும்தான்.