அடுப்புக்கு மேல் காய்ந்த மண்

எந்த மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று வகுப்பில் செய்து காட்டச் சொல்லியிருந்தார் என் மகளின் டீச்சர். அவள் அப்போது ஆறாம் வகுப்பு. மூன்று பாட்டில்களின் அடியை வெட்டி, வாயில் துணி கட்டித் தலைகீழாக நிறுத்த வேண்டும். ஒன்றில் மணல், ஒன்றில் களிமண், ஒன்றில் எங்கள் பூண்டி மலையின் கறுப்பு மண். ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் தோட்டத்து மண்தான் ஜெயிக்கும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். வாய் அப்படியே என்னைக் கொண்டிருக்கிறது.

மூன்றும் காய்ந்திருக்க வேண்டுமாம். வெயில் முகமே காட்டாத ஐப்பசி அது. கட்டட வேலை நடந்த இடத்தில் அள்ளிய மணல் வீட்டுக்குள்ளேயே உலர்ந்துவிட்டது. பழனியிலிருந்து என் தம்பி பஸ்ஸில் கொண்டுவந்த களிமண் வரும்போதே கட்டி தட்டிப்போயிருந்தது. கறுப்பு மண் மட்டும் ஈரம் விடுவேனா என்றது. எங்கள் ஊரில் பூண்டை அடுப்புக்கு மேல் புகையில் கட்டித்தான் காய வைப்போம். பூண்டு காய்கிற இடத்தில் மண் காயாதா? ஒரு தட்டில் பரப்பிப் பூண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் கீழே பழனியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். மலை மண்ணைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும். நாலே நாளில் பொடிப்பொடியாகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

செய்து காட்டிவிட்டு வந்தவள் சாப்பிடவில்லை.

"சரியா வரலைம்மா" என்றாள். துருவிக் கேட்டதும் சொன்னாள். மணலில் தண்ணீர் மடமடவென்று இறங்கியதாம். களிமண்ணில் மேலேயே தேங்கி, சொட்டுச் சொட்டாக இறங்கியதாம். எங்கள் மண்ணோ ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை. ஓரமாக வழிந்து, மணலுக்கும் முந்திக் கீழே வந்துவிட்டது. வகுப்பே சிரித்ததாம். போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் டீச்சரையும் பாட்டிலையும் சேர்த்து வைத்துத் திட்டினேன்.

தோட்டத்திலிருந்து வந்த வீட்டுக்காரர் தட்டில் மிச்சமிருந்த மண்ணில் இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் உருண்டு மணிமணியாக நின்றது.

"ஏன் தாயீ, மண்ணைப் போயி அடுப்பு மேல வைப்பாகளா? இதென்ன பூண்டா?"

கறுப்பு மண் முழுக்க மக்கிய இலைதழை என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அதனால்தான் அவ்வளவு தண்ணீரைப் பிடிக்கிறது. சருகாகக் காய்ந்துவிட்டால் மட்டும் தண்ணீரை உள்ளே விடாது. மிச்ச மண்ணில் அவர் லேசாகத் தெளித்து ஈரச்சாக்கைப் போட்டு மூடினார். மறுநாள் அது பழையபடி குடித்தது. பிள்ளையைத் தலைகுனிய வைத்தது நான் அல்லவா?

புது மண்ணை இரண்டு நாள் நிழலில் உலர்த்தி எடுத்துக்கொண்டு அவளுடன் பள்ளிக்கூடம் போனேன்.

"தப்பு என் மேலதான் டீச்சர். நான்தான் அடுப்புக்கு மேல வச்சுட்டேன்" என்றேன்.

டீச்சர் விழித்தார். "என்னங்க இப்படிச் சொல்றீங்க? மண்ணை இப்படிக் கருக்கினது யாருன்னு அன்னைக்கே கேட்டேன். 'நான்தான்'னு இவ எந்திரிச்சு நின்னாளே!"

நான் அவளைப் பார்த்தேன். அவள் மும்முரமாகப் பாட்டிலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். அன்று அந்த மண் ஒரு டம்ளரையும் குடித்துவிட்டு, நாலைந்து சொட்டுதான் கீழே விட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மணியடித்ததும் வாசலில் நிறுத்திக் கேட்டேன். "ஏண்டி அன்னைக்குப் பொய் சொன்ன?"

"எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்கம்மா. உன்னச் சொன்னா உன்னப் பாத்துல்ல சிரிப்பாங்க."