காந்தா கடையில் போணி ஆகவில்லை

காந்தாவின் பஜ்ஜிக் கடைக்கு யார் முதலில் வந்தாலும், "எண்ணெய் இன்னும் காயலப்பா" என்பாள். பக்கத்துக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்ணெய் புகைந்துகொண்டிருக்கும்! ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகள் ஒரு நிமிடம் நிற்பார்கள், பிறகு எதிரே பானிபூரிக்குப் போய்விடுவார்கள்.

சாலையோரக் கடைகளையெல்லாம் இந்தத் திடலுக்குக் கொண்டுவந்து வரிசையாக ஷெட் போட்டுக் கொடுத்தார்கள். கூரை உண்டு, குழாய் உண்டு, நடுவில் மேசை நாற்காலியும் உண்டு. வாங்குகிறவர்கள் தட்டோடு அங்கே போய் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்கள். பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையில் அவள் தள்ளுவண்டி நின்ற காலத்தில் அப்படியில்லை. வண்டியைச் சுற்றி நின்றுதான் தின்பார்கள். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் தறி நின்றுபோனது, எல்லாம் அவள் காதில் விழும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையும் கிடையாது. வீட்டுக்குப் போனால் டிவியோடுதான் பேச வேண்டும்.

அந்தத் தெருமுனையில் தினமும் நாலு மணிக்குப் போணி செய்தவர் குமாரவேல், பட்டு நெய்கிறவர். தறிக்குழியிலிருந்து ஏறி வந்து ரெண்டு வாழைக்காய் பஜ்ஜி வாங்குவார். கைராசிக்காரர் என்று காந்தாவே முடிவு கட்டிக்கொண்டாள். அவர் காசு கல்லாவில் விழாமல் வேறு யாருக்கும் விற்க மாட்டாள். அந்தத் தெருவில் அது நடக்கும், அவர் வீடு எதிரிலேயே இருந்தது. இங்கேயும் அவருக்காகக் காத்திருந்தால்?

"யார் கையில போணி ஆனா இன்னாமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நான் இங்க இருக்கிறது அவருக்குத் தெரியாதுபா. என்னைத் தேடிக்கினு இருப்பாரு."

அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை கடையை என் பொறுப்பில் விட்டுவிட்டு அவரைப் பார்க்கக் கிளம்பினாள். அங்கே நடந்ததைத் திரும்பி வந்து அவளே சொன்னாள்.

அவள் நின்ற அதே இடத்தில் அருள் என்று ஒரு புது ஆள் பஜ்ஜி வண்டி போட்டிருக்கிறான். குமாரவேல் அங்கே நின்று தின்றுகொண்டிருந்தார். இவளைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

"பஜ்ஜிக்கார அம்மாதானே? ஊருக்குப் போயிட்டியோன்னு நெனச்சேன். சாப்புடுமா, சூடா இருக்குது."

"இங்கயும் நீங்கதான் போணியா?"

"ஆமாமா. தறிய விட்டு எழுந்தா எதிர்ல இருக்கிற கடை இதானே."

இத்தனை வருஷமாக அவளுடைய பெயர்கூட அவருக்குத் தெரியாது. அவள் அழாமல்தான் சொன்னாள்.

"விடுமா. இனிமே முதல்ல வர்றவனுக்குப் போடு" என்றேன். தலையாட்டினாள்.

சொன்னபடியே செய்கிறாள். மூன்று மணிக்கே அடுப்பு எரிகிறது, யார் வந்தாலும் பஜ்ஜி கிடைக்கிறது. ஆனால் நாலு மணிக்கு, கூட்டம் சேருகிற நேரமாகப் பார்த்து, அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்பட்டுவிடுகிறாள். என்னைக் கேட்டால் பைத்தியக்காரத்தனம். அருளின் வண்டியில் காசு கொடுத்து ரெண்டு பஜ்ஜி வாங்கி, தறிக்காரர்களுக்கு நடுவில் நின்று தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி வருகிறாள்.

"அவன் மாவுல உப்பே இல்லபா" என்கிறாள், தினமும்.