ஒரே கோட்டில் இரண்டு புறாக்கள்

எங்கள் சித்தப்பாவுக்கு வேலை கிடைப்பதற்கு முன்னால் கேமரா கிடைத்துவிட்டது. சுதந்திரம் வந்ததும் ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டுப் போனது. எங்கள் ஊர் ஜோகுபாளையத்தில் எல்லோரும் குழந்தைகளையும் சுவாமி ஊர்வலத்தையும் படம் பிடிக்கச் சொன்னார்கள். சித்தப்பாவோ மொட்டைமாடிக்கு வரும் புறா ஜோடியைத்தான் பிடிப்பேன் என்றார்.

ஆண் புறா கழுத்தை உப்பிக்கொண்டு குனிந்து குனிந்து கும்பிடு போடும். பெண் புறா கண்டுகொள்ளாமல் ராகி கொத்தும். அப்படிக் கும்பிடுகிற மாப்பிள்ளை இந்த ஊரிலேயே கிடையாது என்பார் சித்தப்பா. அவருடைய கஷ்டமெல்லாம் இரண்டும் தெளிவாக விழ வேண்டும் என்பதுதான். அந்தக் கேமராவில் தூரத்தை முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். ஒன்று கொஞ்சம் முன்னால் வந்தாலும் புகை மாதிரிக் கலங்கிவிடும். அதனால் அத்தையின் தையல் டேப்பால் அளந்து, கைப்பிடிச் சுவரின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கோட்டின் மேலேயே ராகி தூவுவது அத்தையின் வேலை. தும்மாமல் இருப்பது என் வேலை.

அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கை. டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்து, ஜூன் மாதத்துக்காகக் காத்திருந்தாள். அதற்குள் பம்பாய் வரன் வந்தது. நல்ல இடம், ஆனால் பெண் படிக்கவும் கூடாது, வேலைக்குப் போகவும் கூடாது. ஸ்டூடியோவில் எடுத்தால் மூக்கைக்கூடத் திருத்திவிடுவார்கள், வீட்டில் எடுத்த படம்தான் வேண்டும் என்று கேட்டார்கள். மாப்பிள்ளையின் மாமா திங்கட்கிழமை ரயிலில் அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அத்தை வேண்டாம் என்றாள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போது பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அலைந்து திரிந்து அப்பா ஒரு சுருள் வாங்கிவந்தார். எட்டுப் படத்தில் ஒன்று அத்தைக்கு, மீதியைத் தொலைத்துக்கொள் என்று சித்தப்பாவிடம் கொடுத்தார். சனிக்கிழமை காலை அத்தைக்குப் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்தாயிற்று. ஆனால் பத்தரை வரைக்கும் ராகுகாலம். அது முடியட்டும் என்று அப்பா கீழே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ராகுகாலம் புறாக்களுக்கு ஏது? சித்தப்பா, புறாக்கள் மிரளாமலிருக்கப் போர்வைக்குள் புகுந்துகொண்டு ஏழு படங்களைத் தீர்த்தார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கோட்டை விட்டு நகர்ந்தது. அவர் வெளியே வந்து கையை உதறியபோதுதான் ஆண் புறா மறுபடியும் கும்பிட ஆரம்பித்தது. படிக்கதவின் மறைவிலிருந்து அத்தை மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, ரெண்டும் கோட்டு மேல நிக்குது. எடு."

"ஒண்ணுதாம்மா பாக்கி. அது உன்னுது."

"தெரியும். எடுண்ணா."

சித்தப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து எடுத்தார். எனக்கு ஒரே குஷி. தினமும் பார்க்கிற அத்தையைவிடப் புறா எவ்வளவோ மேல் அல்லவா?

பத்தரைக்கு மேலே வந்த அப்பாவிடம், எண்ணிக்கை தவறிவிட்டது என்றார் சித்தப்பா. அப்பா கத்திய கத்தலில் புறாக்கள் அல்சூர் ஏரிக்கே போயிருக்கும். தங்கை வாழ்க்கையைவிடப் புறா பெரிதா, நீ உருப்படுவாயா என்று என்னென்னவோ கேட்டார். சித்தப்பா கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தைதானே எடுக்கச் சொன்னாள் என்று நான் சொல்லப் போனேன். அத்தை என்னை இழுத்து மடியில் உட்காரவைத்து, நன்றாக இருந்த என் பின்னலைப் பிரித்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

வேறு சுருள் கிடைக்கவில்லை. அந்த வரனும் போயிற்று. ஜூனில் அத்தை டிரெயினிங் சேர்ந்தாள். பிற்காலத்தில் அல்சூரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவள்தான் டீச்சர். அந்த எட்டாவது படம் அற்புதமாக விழுந்திருந்தது, இரண்டு புறாவும் ஒரே தெளிவு.

ஆனால் அன்று மத்தியானம் எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தைதான் பரிமாறினாள். எனக்கு ஒரு சொட்டு நெய். சித்தப்பாவின் பருப்புச் சாதத்தில் ஊற்றினாள், ஊற்றினாள், அவர் கையால் மறைத்தும் ஊற்றினாள்.

"தப்பு பண்ணவருக்கு மட்டும் எதுக்கு அவ்ளோ நெய்?" என்று கேட்டேன்.

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை குனிந்து நெய்க் கிண்ணத்தை மூடினாள். அப்பா ரசம் கொண்டுவரச் சொன்னார். சித்தப்பா தன் சாதத்திலிருந்து ஒரு கவளம் உருட்டி என் கையில் வைத்தார். நெய் மணத்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.